மருந்து பட்டால் கை அரிக்கும்

பெத்தணன் யாரையும் நம்ப மாட்டார். மழை வரும் என்று ஒருவன் சொன்னால் "நனைஞ்சபெறகு சொல்லு" என்பார். மாத்திரை வாங்கினால் அட்டையைத் திருப்பித் திருப்பித் தேதியை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டுத்தான் வாயில் போடுவார். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் அவருக்கும் இருந்த தொடுப்பு முடிந்துபோனது. அதற்கப்புறம் இருபத்தெட்டு வருசம் பட்டாசுக் கம்பெனியில் மருந்துக் கலவை போட்டார். பக்கத்து ரூம் வெடித்த அன்றைக்கு இடது காது போனது. அதோடு வேலையையும் விட்டார். நாக்கை மட்டும் விடவில்லை.

அப்பேர்ப்பட்ட ஆளைக் குழந்தைகள் பாதுகாப்புக் கமிட்டியில் போட்டது யார் என்றால், நடுவக்குளம் பஞ்சாயத்துத் தலைவர் செல்லப்பாண்டிதான். ஊருக்கு வடக்கே ஓடைக்கரையில் பெண்பிள்ளைகள் காப்பகம் ஒன்று இருக்கிறது. தாய் தகப்பன் இல்லாதது, இருந்தும் இல்லாதது என்று இருபத்திரண்டு பிள்ளைகள். அதைப் பொதுமக்களும் மூன்று மாதத்துக்கொரு தடவை போய்ப் பார்க்க வேண்டும், பார்த்ததை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும் என்று மேலே இருந்து உத்தரவு வந்தது. சம்பளம் கிடையாது, ஒரு டீயும் பன்னும்தான். "பெத்தணன் மாமா பேரைப் போடுங்க. கையெழுத்துப் போடத் தெரியும், சரியா வாசிக்கத் தெரியாது. இதைவிடத் தோதான ஆள் கிடைக்குமா?" என்று செல்லப்பாண்டி சிரித்தது பெத்தணன் காதுக்கும் வந்தது. நல்ல காதுக்கே வந்தது.

வந்தும் போனார். மூன்று தடவை போனார். முன்கூடத்தில் பிள்ளைகள் வரிசையாக நின்று பாட்டுப் பாடும். சுவரில் சாமி படம், பக்கத்தில் கால அட்டவணை. டீயைக் குடித்துவிட்டு, காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிடுவார். எழுதுகிறதும் அவுகதான், கிழிக்கிறதும் அவுகதான், நடுவுல நம்ம என்னத்தைப் பாத்து என்னத்தைப் பண்ண என்று சொல்லிக்கொள்வார். எதையும் நம்பாதவனுக்கு அதில் ஒரு வசதி உண்டு. அவன் எதையும் பார்க்க வேண்டியதில்லை.

நாலாவது தடவை, காலாண்டு லீவில், புதிதாக ஒரு அதிகாரி வந்தார். லட்சுமிகாந்தம் என்று பேர், ஈரோட்டுப் பக்கம். விருதுநகருக்கு மாற்றலாகி வந்து இருபது நாள்தான் ஆகியிருந்தது. அந்தம்மா முன்கூடத்தோடு திரும்பவில்லை. பிள்ளைகளை ஒவ்வொருத்தியாகத் தனியே கூப்பிட்டு வைத்துப் பேசி, அவர்கள் சொன்னதை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார். அந்நேரமெல்லாம் பெத்தணன் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து பன்னைத் தின்றுகொண்டிருந்தார்.

மறுநாள் மத்தியானம் மூன்று மணிக்குப் பஞ்சாயத்து ஆபீசில் அறிக்கையை வாசித்தார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் லட்சுமிகாந்தம். இந்தப் பக்கம் செல்லப்பாண்டி. அவருக்கு அடுத்து காப்பக நிர்வாகி அருள்பாண்டி, சலவை மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில். அங்கன்வாடி டீச்சர் வேலுத்தாய் கதவோரம். பெத்தணன் நல்ல காது அதிகாரி பக்கம் இருக்கும்படி நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

லட்சுமிகாந்தம் பிள்ளை பிள்ளையாக வாசித்துக்கொண்டே வந்தார். பல் சொத்தை, பேன், கணக்கில் மார்க்குக் குறைவு. பெத்தணனுக்குக் கொட்டாவி வந்தது.

"மாரிச்செல்வி, வயது பதினொன்று. மருந்து ஒவ்வாமை இருக்குது. மருந்து பட்டா கை அரிக்குது, தூக்கம் வரமாட்டேங்குதுன்னு குழந்தை சொன்னா. டாக்டர்கிட்டக் காட்டி வேற மருந்து மாத்தணும்னு எழுதியிருக்கேனுங்க."

"ஆமா மேடம்," என்றான் அருள்பாண்டி. "இருமலுக்குக் குடுத்த சிரப்பு. ஒத்துக்கலைன்னு தெரிஞ்ச அன்னைக்கே நிறுத்திட்டோம்."

பெத்தணனுக்கு வந்த கொட்டாவி பாதியில் நின்றது.

"தாயி, அதைத் திரும்ப வாசிங்க."

"எதைங்க ஐயா?"

"அந்தப் புள்ள சொன்னதை. நீங்க எழுதுனதை இல்ல, அது வாயால சொன்னதை."

அதிகாரி நோட்டைப் புரட்டினார். "மருந்து பட்டா கை அரிக்குது."

"பட்டான்னு சொல்லுச்சா, குடிச்சான்னு சொல்லுச்சா?"

"பட்டான்னுதானுங்க சொன்னா. நான் குழந்தைங்க சொல்றதை அப்படியேதான் எழுதுவேன்."

"இருமல் மருந்தைக் குடிப்பாகளா, கையில பூசுவாகளா?"

மேலே மின்விசிறி கடகடவென்று ஓடியது. செல்லப்பாண்டி செல்போனை எடுத்து வெறும் திரையைப் பார்த்தார். வேலுத்தாய் தன் கால்விரலைப் பார்த்தாள். அருள்பாண்டி சிரித்த முகம் மாறாமல் இருந்தான்.

அந்த வட்டாரத்தில் காய்ச்சலுக்கு விழுங்குவது மாத்திரை, இருமலுக்குக் குடிப்பது டானிக். மருந்து என்றால் ஒன்றே ஒன்றுதான். கந்தகமும் வெடியுப்பும் அலுமினியப் பொடியும் சேர்த்துச் சல்லடையில் அரிப்பது, குழாயில் அடைப்பது, வெடிப்பது. மருந்துக்காரன் என்றால் டாக்டர் இல்லை, கலவை போடுகிறவன். தொட்டில் பிள்ளைக்கும் இது தெரியும். ஈரோட்டிலிருந்து வந்த ஒரு மனுசிக்கு மட்டும்தான் தெரியாது. அந்த அறையில் இருந்த மற்ற எல்லோரும் அந்தச் சொல்லைக் கேட்டார்கள், புரிந்துகொண்டார்கள், டீயைக் குடித்தார்கள்.

"தாயி," என்றார் பெத்தணன். "அது டாக்டர் குடுக்கிற மருந்து இல்ல. வெடிமருந்து. புள்ளைகள மருந்து வேலைக்கு வச்சிருக்கான் இவன்."

லட்சுமிகாந்தத்தின் பேனா நின்றது.

"ஐயையோ, பெரியவரே!" அருள்பாண்டி கையெடுத்துக் கும்பிட்டான். "ஒங்க வயசுக்கு இப்படி அபாண்டம் பேசலாமா? புள்ளைகளுக்கு ஏதோ கொஞ்சம் கைத்தொழில் பயிற்சி, பேப்பர்ல பூ செய்யிறது, கவர் ஒட்டுறது..."

"கைத்தொழிலா? கை இருந்தாத்தானடா தொழிலு!"

"மாமா, சத்தம் போடாதீக," என்றார் செல்லப்பாண்டி. "கவர்மெண்டு அதிகாரி இருக்காக."

"ஏலே, நீ பேசாத. தீபாவளி சீசன் லோடு முடியலைன்னு, கம்பெனி வச்சிருக்கிற ஒன் மச்சினன் ஊரெல்லாம் ஆள் தேடிக்கிட்டுத் திரிஞ்சான். பத்து நாளா தேடலையே, ஏன்? ஆள் கிடைச்சிருச்சுல்ல?" அப்படியே கதவுப் பக்கம் திரும்பினார். "வேலுத்தாயி, நீ மருந்து ரூம்ல ஆறு வருசம் இருந்தவ. ஒனக்குமா புரியல?"

வேலுத்தாய் நிமிரவில்லை. "புரிஞ்சுச்சுண்ணே," என்றாள். "எனக்கும் ரெண்டு பொம்பளப்புள்ள இருக்குதுண்ணே. இந்த ஊர்லதான இருக்கணும்."

லட்சுமிகாந்தம் பழைய கோப்பைத் திறந்தார். கோபத்தில் முகம் சிவந்திருந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. மூன்று தாள்களை எடுத்து மேசைமேல் வரிசையாக வைத்தார். "அப்பிடின்னா இது என்னங்க ஐயா? 'குழந்தைகள் நலமாக உள்ளனர்'. மூணுலயும் இருக்குது. மூணுலயும் உங்க கையெழுத்து."

பெத்தணன் குனிந்து பார்த்தார். கோணல் கோணலாக அவர் பெயர்தான். 'ண' மட்டும் ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு மாதிரி.

"நான்தான் போட்டேன்," என்றார். "பாக்காமப் போட்டேன். நேத்தும் வேப்பமரத்தடியில உக்காந்து பன்னு தின்னுக்கிட்டு இருந்தேன். அதுக்கான தண்டனையைப் பெறகு குடுங்க. இப்ப எந்திரிங்க, போவோம்."

"இப்பவா?" என்றார் செல்லப்பாண்டி. "நாளைக்குக் காலையில எல்லாருமாச் சேந்து முறையாப் போவோம் மாமா."

"நாளைக்குப் போனா எல்லாத்தையும் கழுவிவிட்டு அங்கன சந்தன வாசனைதான் வரும். ஏலே அருள்பாண்டி, போனை மேசையில வை. வைய்யிலே!"

அருள்பாண்டியின் கை சட்டைப் பைக்குப் போயிருந்தது. அவன் அதிகாரியைப் பார்த்தான். "வைங்க," என்றார் லட்சுமிகாந்தம். போனை வைத்தான். அந்தச் சிரிப்பு அப்போதுதான் கொஞ்சம் கழன்றது.

ஜீப்பில் பத்து நிமிசம்கூட ஆகவில்லை. டிரைவர் பாண்டிராஜ், பக்கத்தில் அதிகாரி. பின்னால் பெத்தணன், அருள்பாண்டி, கூப்பிடாமலே ஏறிக்கொண்ட வேலுத்தாய். செல்லப்பாண்டி தன் மோட்டார் சைக்கிளில் பின்னாலேயே வந்தார்.

முன்கூடத்தில் பதினைந்து பிள்ளைகள் டிவி பார்த்துக்கொண்டிருந்தன. அதிகாரியைக் கண்டதும் எழுந்து வரிசையாக நின்று பாட ஆரம்பித்தன.

"மிச்சம் ஏழு பேர் எங்கங்க?" என்று கேட்டார் லட்சுமிகாந்தம்.

"கோயிலுக்குப் போயிருக்காங்க மேடம்," என்றான் அருள்பாண்டி.

அதிகாரி படுக்கையறையைத் திறந்து பார்த்தார், சமையலறையைப் பார்த்தார், பரண்மேல் பார்த்தார். பாய், தட்டு, பாடப் புத்தகம். பெத்தணன் உள்ளேயே போகவில்லை. நேராகக் கொல்லைக்குப் போய், பிள்ளைகள் குளிக்கிற இடத்தில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குத்தவைத்தார்.

"தாயி, ரூமைப் பாக்காதீக. ரூமைக் கூட்டிருவாக. சாக்கடையைப் பாருங்க."

வாய்க்காலில் கையை விட்டு ஒரு பிடி சகதியை அள்ளினார். கறுப்புச் சேறுதான். ஆனால் வெயிலில் பிடித்தபோது மீன் செதிள் மாதிரி மினுமினுவென்று மின்னியது.

"அலுமினியப் பொடி. உடம்புல பட்டா லேசுல போகாது. காதுமடல்ல, கழுத்து மடிப்புல நிக்கும். தேய்ச்சுத் தேய்ச்சுக் குளிக்கணும். இம்புட்டுப் பொடி இந்த வாய்க்கால்ல இறங்கணும்னா ஒருநாள் ரெண்டுநாள் குளியல் இல்ல."

அதிகாரி அந்தச் சேற்றை வெறும் கையால் தொட்டுப் பார்த்தார்.

கொல்லைக் கடைசியில், முருங்கைக்கு அப்பால், ஒரு தகரக் கொட்டகை. கதவில் பூட்டு. "அது விறகுக் கொட்டகை மேடம்," என்றான் அருள்பாண்டி. "சாவி தொலைஞ்சு மூணு மாசமாச்சு."

பெத்தணன் தகரத்தில் நல்ல காதை வைத்தார். உள்ளே யாரோ இருமினார்கள். சின்ன இருமல், வாயைப் பொத்திக்கொண்டு இருமுகிற இருமல்.

"மாரிச்செல்வி?" என்றார்.

இருமல் நின்றது.

"நான் கமிட்டித் தாத்தா. டீ குடிக்க வருவேன்ல. எத்தனை பேரு தாயி இருக்கீக?"

உள்ளே இருந்து ஒரு குரல் வந்தது. "ஏழு பேரு."

லட்சுமிகாந்தம் "பாண்டிராஜ்!" என்று ஒரு சத்தம் போட்டார். அவன் ஜீப்பிலிருந்து கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தான். பூட்டுக்கு நேராக ஓங்கினான்.

"ஏலே! இரும்பைக் கீழ போடு! இல்ல, போடாத, போடாத! அப்படியே பிடிச்சுக்கிட்டுத் தூரப் போ!"

பெத்தணன் போட்ட சத்தத்தில் முருங்கையிலிருந்த காக்கை பறந்தது. பாண்டிராஜ் ஓங்கிய கையோடு நின்றான். அவன் சாத்தூர்க்காரன், அதுவும் பட்டாசு ஊர்தான். ஒரு நொடியில் அவனுக்கும் விளங்கிவிட்டது. முகம் வெளிறிப்போய், கடப்பாரையைப் பிள்ளையைத் தூக்குவதுபோல இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு பின்னால் பின்னாலேயே நடந்தான்.

"என்னங்க ஐயா?" என்றார் அதிகாரி.

"இரும்புல இரும்பு பட்டாப் பொறி வரும். உள்ள மருந்து இருக்கு. ஏழு புள்ளையும் இருக்கு. போதுமா?" அவர் திரும்பினார். "அருள்பாண்டி. சாவி."

"சத்தியமா எங்கிட்ட இல்ல பெரியவரே. எங்கப்பா மாதிரி நீங்க, ஒங்ககிட்டப் போயி..."

பெத்தணன் மேற்கொண்டு கேட்கவில்லை. அருள்பாண்டியின் மணிக்கட்டைப் பிடித்தார். இருபத்தெட்டு வருசம் மருந்து அரித்த கை அது, கிழட்டுக் கைதான், ஆனால் பிடி பிடிதான். அவனை இழுத்துக்கொண்டுபோய்க் கதவுக்கு முன்னால் தானும் உட்கார்ந்து அவனையும் உட்கார வைத்தார். கதவில் முதுகு படும்படி.

"மத்தவுக எல்லாம் ரோட்டுக்குப் போங்க. தாயி, நீங்களுந்தான். முன்னால இருக்கிற புள்ளைகளையும் கூட்டிட்டுப் போங்க. சாவி கிடைக்கிற வரைக்கும் நானும் இவனும் இங்கனதான் இருப்போம். உச்சிவெயிலு காஞ்ச தகரம். வெடிச்சா ஏழு புள்ளையோட நாங்க ரெண்டு பேரும் போறோம். எனக்கு எழுபத்தோரு வயசு. ஒனக்கு எத்தனைடா?"

அருள்பாண்டி கையை உருவப் பார்த்தான். முடியவில்லை. முதுகைக் கதவிலிருந்து விலக்கப் பார்த்தான். பெத்தணன் மறு கையால் அவன் நெஞ்சில் அழுத்தி ஒட்டவைத்தார்.

"சுடுதா? உள்ள இதைவிடச் சுடும். காத்தோட்டத்துக்கு ஒரு சன்னல்கூட வைக்கலையே, பாவி. கம்பெனி ரூமுக்கே நாலு வாசல் வேணும்னு சட்டம். நீ பூட்டுப் போட்டு வச்சிருக்கியே. கோழிக்கூட்டைக்கூட இப்படி அடைக்க மாட்டானே ஒருத்தன்."

வேலுத்தாய் போகவில்லை. முன்கூடத்துப் பிள்ளைகளை அதிகாரியோடு ரோட்டுக்கு அனுப்பிவிட்டு, ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள். எதற்கு என்று அவளுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அருள்பாண்டியின் வெள்ளைச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. கடைசியில் அரைஞாண் கயிற்றில் கைவிட்டு ஒரு சாவியை எடுத்தான்.

"தொலைஞ்சது கிடைச்சிருச்சு போல," என்றார் பெத்தணன்.

வேலுத்தாய் பொறி வராதபடி பூட்டிலும் கொண்டியிலும் வாசற்படியிலும் தண்ணீரை மெள்ள ஊற்றி நனைத்தாள். பெத்தணன் தகரத்தோடு வாயை வைத்துச் சொன்னார்: "புள்ளைகளா, கையில இருக்கிறதை அப்படியே வச்சிட்டு எந்திரிங்க. எதையும் கீழ போடாதீக. காலைத் தேய்க்காம..."

"எங்களுக்குத் தெரியும் தாத்தா," என்றது உள்ளே இருந்த குரல். "தூக்கித் தூக்கித்தான் வைப்போம்."

அதைக் கேட்டதும்தான் பெத்தணனுக்கு அச்சம் வந்தது. பூட்டுக்கு அஞ்சவில்லை, மருந்துக்கு அஞ்சவில்லை. பதினோரு வயசுப் பிள்ளைக்கு அந்த நடை தெரிந்திருக்கிறதே! அவர் அதைப் பழக ஒரு வருசம் ஆனது, மேஸ்திரியிடம் அடியும் வாங்கினார்.

கதவு திறந்தது. ஏழு பிள்ளைகள், ஒன்றன்பின் ஒன்றாக, கொக்குமாதிரி காலைத் தூக்கித் தூக்கி வைத்து வெளியே வந்தன. முழங்கை வரை வெள்ளி பூசியிருந்தது. புருவத்திலும் வெள்ளி. உள்ளே தட்டுத் தட்டாகப் புஸ்வாணக் கூடுகள், பாதி அடைத்ததும் அடைக்காததும். கடைசியாக வந்தவள் கையைச் சொறிந்துகொண்டே வந்தாள். மணிக்கட்டு முழுக்கச் செதிள் செதிளாகத் தோல் உரிந்து ரத்தம் கன்றியிருந்தது. அவள்தான் மாரிச்செல்வி.

"இன்னும் ரெண்டு தட்டு இருக்கு," என்றாள் அவள் அருள்பாண்டியைப் பார்த்து. "முடிக்கலைன்னு திட்டாதீங்க சார்."

பெத்தணன் அவனை அடிக்கக் கையை ஓங்கிவிட்டார். வேலுத்தாய் வந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ரோட்டில், ஜீப் பானெட் மேல் தாளை வைத்து லட்சுமிகாந்தம் புதிதாக எழுதினார். போலீசுக்குப் போன் போட்டார், விருதுநகருக்குப் போட்டார். போலீஸ் வந்து அருள்பாண்டியைக் கூட்டிக்கொண்டு போனது. வேறொரு வண்டியில் அந்தப் பதினைந்து பிள்ளைகளையும் அனுப்ப ஏற்பாடு செய்தார். எழுதியதைப் பெத்தணன் இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டார்.

"நானு மூணு தடவை பாக்காமக் கையெழுத்துப் போட்டதையும் எழுதுங்க."

"அது உங்களுக்கே எதிரா வருமுங்க ஐயா."

"வரட்டும். இவனுகளை மட்டும் எழுதிட்டு என்னை விட்டா, அதுவும் பொய் அறிக்கைதான்."

அதிகாரி எழுதினார். பெத்தணன் கையெழுத்துப் போட்டார். வேலுத்தாய் போட்டாள். செல்லப்பாண்டி மோட்டார் சைக்கிளை விட்டு இறங்கவே இல்லை.

"மாமா," என்றார் அவர், மெதுவாக, சொந்தக்காரர் பேசுகிற தோரணையில். "ஒங்க மருமக பாண்டிச்செல்வி எந்தக் கம்பெனி வேன்ல போறான்னு ஞாபகம் இருக்குதுல்ல? நாளைக்கு அவ நிக்கிற இடத்துல வேன் நிக்காது."

"தெரியுமே."

"தெரிஞ்சுமா?"

"நிக்காட்டி ஒன் வீட்டு வாசல்ல வந்து நிப்பா. என் மருமக வாயை நீ கேட்டதில்லையே. நானே பயப்படுவேன்."

அப்படிச் சொன்னாரே தவிர, வீட்டில் சோறு அவள் சம்பளத்தில்தான். வீட்டுக்குப் போனால் பாண்டிச்செல்வி என்ன கேட்பாள் என்று தெரியும். கேட்பது நியாயம் என்றும் தெரியும். அந்த ஆத்திரமும் சேர்ந்துகொண்டது. வேனை நிறுத்தாமல் போகச் சொல்கிறவன் ஒருத்தன், ஏச்சு வாங்குகிறவன் ஒருத்தன், எந்த ஊர் நியாயம் இது?

ஜீப்பின் பின்சீட்டில் ஏழு பிள்ளைகளும் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தன. வேலுத்தாய் ஈரத் துணியால் ஒவ்வொன்றின் முகத்தையும் துடைத்துக்கொண்டிருந்தாள். வெள்ளி போகவில்லை.

மாரிச்செல்வி எட்டிப் பார்த்தாள். "எங்களை எங்க கூட்டிட்டுப் போறாங்க தாத்தா?"

"விருதுநகருக்கு. வேற காப்பகத்துக்கு."

"அங்கனயும் சீசன் உண்டா?"

பெத்தணன் அதிகாரியைப் பார்த்தார்.

"இல்லம்மா," என்றார் லட்சுமிகாந்தம். "அங்க அதெல்லாம் கிடையாது. ரொம்ப நல்ல இடம்."

"நீங்க போய்ப் பாத்திருக்கீகளா தாயி?" என்றார் பெத்தணன்.

அதிகாரி கையிலிருந்த தாளை மடித்தார். "நான் வந்து இருபது நாள்தானுங்க ஐயா. அறிக்கையில நல்லபடியாத்தான்..."

"அறிக்கை!" பெத்தணன் காறித் துப்பினார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஜீப்பின் பின்கதவைத் திறந்தார்.

"ஐயா, இடமில்லைங்க. அதுவும் மாவட்ட அளவுல நீங்க மெம்பரும் கிடையாது."

"மெம்பர் இல்லைன்னு அங்கன இறக்கி விடுவாகல்ல, அப்ப இறங்கிக்கிறேன்," என்றார். ஒரு காலைப் படியில் வைத்தார். "தள்ளி உக்காருங்க புள்ளைகளா. நான் வந்து பாத்துட்டுத்தான் சொல்லுவேன்."